பெட்டிக் கரி

யுத்தத்தின்போது பெங்களூரில் பஸ்கள் கரியில் ஓடின. பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்தி, அதில் மரக்கரியை எரித்து, அதிலிருந்து வருகிற வாயுவில் வண்டியை ஓட்டினார்கள். மேட்டில் நின்றுவிட்டால் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். ஊரே அதைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. லிங்கராஜபுரத்தில் துணி தைத்துப் பிழைத்தவள் நான். என் இஸ்திரிப் பெட்டிக்கு வரவேண்டிய கரியைத்தான் அந்த பஸ்கள் தின்றுகொண்டிருந்தன.

நான் தைத்தது பெரும்பாலும் வெள்ளைத் துணி. மாதா கோயில் குடும்பங்களில் புதுநன்மை என்று முதன்முதலாகத் திருவப்பம் வாங்கும் பிள்ளைகளின் கவுன்கள், கல்யாணப் பெண்ணின் கவுன், பீடத்து விரிப்பு. வெள்ளைத் துணியை இஸ்திரி போடாமல் கொடுக்க முடியாது. கெட்ட கரியில் போட்டும் கொடுக்க முடியாது. நன்றாக வேகாத கரி பெட்டிக்குள் வெடித்துப் பொறி பறக்கும். ஒரு பொறி விழுந்தால் கவுன் போயிற்று. கடையில் கிடைத்ததோ பாதி விறகும் பாதி கரியுமாக இருந்தது. கரி அங்கடிக்காரர், "நாளைக்கு வாங்கம்மா, பஸ்காரங்க எடுத்துனு போய்ட்டாங்க" என்று தினமும் அதையே சொல்வார்.

என் வீட்டுக்காரர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மரம் அறுக்கும் மில்லில் மேஸ்திரி. பட்டாளத்துக்குச் சாமான் அனுப்பும் பெட்டிகளுக்குப் பலகை அறுப்பதுதான் அங்கே வேலை. அறுத்தது போக மிஞ்சும் பட்டையும் துண்டும் மரத்தூளும் மில்லின் பின்புறத்தில் மலையாகக் கிடக்கும். மழை வந்தால் ஊறி நாறும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"இவ்ளோ மரம் வீணாப் போவுது. நீ இன்னாத்துக்கு அங்கடிக்காரன் கிட்ட கெஞ்சறே? நானே உனக்குக் கரி பண்ணிக் குடுக்கறேன்."

எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது. முதலாளியிடம் கேட்டு, யாருக்கும் வேண்டாத அந்தக் கழிவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொல்லையில் கொட்டினார். ரோடு போடுகிறவர்களிடம் ஒரு பழைய தார் பீப்பாய் வாங்கி உருட்டி வந்தார். அதில் மரத்தூளை நிரப்பி நெருப்பு வைத்தார். மேலே கொஞ்சம் கருகி, நடுவில் புகைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் அணைந்துவிட்டது. காற்று போதவில்லை என்று அடியில் பெரிய ஓட்டைகள் போட்டார். அன்றைக்குக் காற்று தாராளமாகவே போயிற்று. எல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. காலையில் பார்த்தால் பீப்பாயின் அடியில் வெள்ளைச் சாம்பல்.

புகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கொல்லையும் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மாவின் கொல்லையும் ஒன்றுதான். அந்த அம்மா கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழும் வரும். அவர் அரிசி வடாம் காயப்போட்டிருந்த அன்று என் வீட்டுக்காரர் பச்சைப் பட்டையைக் கொளுத்தினார். வடாம் எல்லாம் மஞ்சளாகி, பொரித்தால் தார் வாசனை அடித்தது.

"ஏனம்மா இது? இது வீடா, செங்கல் சூளையா?" என்று என்னிடம் வந்து கத்தினார். நெருப்பு வைத்த மனிதர் மில்லுக்குப் போய்விட்டார். திட்டு வாங்க நான்தான் வீட்டில் இருந்தேன். கொடியில் கிடந்த கோயில் விரிப்புகளையும் நான்தான் மறுபடி துவைத்தேன்.

ஒருவழியாகக் கரி மாதிரி ஒன்று கிடைக்க ஆரம்பித்தது. ஆனால் அது தூளும் நொறுங்கலுமாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியில் போட்டால் காற்றோட்டமில்லாமல் அடைத்துக்கொள்ளும். அதைக் கெட்டியாகப் பிடித்துக் கட்டிகளாக்க வேண்டும். எதைக் கொண்டு பிடிப்பது? இவர் களிமண் என்றார். பஸ் பட்டறையில் யாரோ சொன்னார்களாம்.

"மண்ணு எரியாதுங்க" என்றேன். "புளியங்கொட்டைப் பசை போட்டுப் பாருங்க. நான் காலருக்கு விறைப்பா இருக்கப் போடறேனே, அது காய்ஞ்சா கல்லு மாதிரி நிக்குது."

"துணிக்குப் போடற பசையைக் கரிக்குப் போடுவாங்களா? நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன். களிமண் கட்டிகள் பார்ப்பதற்கு அழகாக இருந்தன. பெட்டியில் போட்டு ஊதினேன், ஊதினேன், தொண்டை வறண்டது. ஓரம் மட்டும் சிவந்து அணைந்தது. பிறகு கஞ்சி என்றார். ரேஷனில் வருகிற அரிசியே வயிற்றுக்குப் போதாத நாள். அதில் கஞ்சி வைத்துக் கரியில் ஊற்றினார். அன்று முழுக்க நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாரல் பிடித்துக்கொண்ட வாரம் அது. கட்டிகள் காயாமல் பூஞ்சணம் பூத்தன. மிஞ்சியதை எலி கொறித்தது. எங்கள் அரிசியை எலிக்குக் கரியில் குழைத்துப் போட்டதுதான் மிச்சம்.

"ஆச்சா?" என்று கேட்டேன்.

"மழை வராட்டி நல்லா வந்திருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு நானே இறங்கினேன். அவர் மில்லுக்குப் போனதும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போவேன். முதலில், ஈரமான கழிவை ஒதுக்கிவிட்டுக் காய்ந்ததை மட்டும் எடுத்தேன். அவர் போட்ட பெரிய ஓட்டைகளில் பாதியை மண் வைத்து அடைத்தேன். மரத்தூளைத் தனியாகக் கொளுத்தினால் ஒன்று அணையும், இல்லாவிட்டால் சாம்பலாகும் என்பதைத்தான் அத்தனை நாளும் பார்த்தாயிற்றே. அதனால் மூடி போட்ட ஒரு மண்ணெண்ணெய் டின்னில் தூளை அடைத்து, மூடியில் ஆணியால் சின்னத் துளை போட்டு, பீப்பாயின் நடுவில் வைத்தேன். சுற்றிலும் மரத்துண்டுகளை அடுக்கி மேலிருந்து பற்றவைத்தேன். முதலில் வெள்ளையாகக் கனத்த புகை வரும். பொறுத்திருக்க வேண்டும். அது மெலிந்து நீலமாக மாறி, டின்னின் துளையிலிருந்து வருவதும் நின்றுவிட்டால் உள்ளே வெந்துவிட்டது என்று அர்த்தம். உடனே பீப்பாயின் வாயைத் தகரத்தால் மூடி, ஓரமும் அடி ஓட்டைகளும் தெரியாமல் ஈர மண்ணைப் பூசிவிட வேண்டும். மறுநாள் நன்றாக ஆறிய பிறகுதான் திறக்கலாம். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றிக்கொள்ளும். ஒருமுறை அப்படி ஆகி என் புருவம் கருகிற்று.

வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துத்தான் கொளுத்துவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபம் அதிலேயே பாதி தணிந்தது.

ஆறிய கரி கையில் எடுத்தால் லேசாக இருந்தது; தட்டினால் ஓட்டுத் துண்டு மாதிரி கிண்ணென்றது. அதை ஓர் உடைந்த உரலில் இடித்துப் பழைய மல்துணியில் சலித்தேன். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, மாவாக்கி, தண்ணீரில் கொதிக்கவைத்தேன். கரண்டியிலிருந்து நூலாக இறங்கும் பதத்தில் இறக்கி, கரித்தூளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தேன். பசை அதிகமானால் கட்டி காயாது, குறைந்தால் உதிரும். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருவம் நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஈரம் ஒட்டக்கூடாது. அதை ஒரு துண்டு இரும்புக் குழாயில் அடைத்து, மரக்கட்டையால் குத்தி வெளியே தள்ளினால் கட்டி. உடனே வெயிலில் வைத்தால் வெடிக்கும் என்பது முதல் தடவையே தெரிந்துபோயிற்று. முதலில் நிழல், பிறகு வெயில்.

காய்ந்ததில் கொஞ்சம் எடுத்துப் பெட்டியில் போட்டுப் பற்றவைத்தேன். புகையில்லை, பொறியில்லை. மெல்லச் சிவந்து அப்படியே நின்றது. ஒரு கவுன் முழுக்க, அடி மடிப்பு வரை, கரி மாற்றாமல் தேய்த்து முடித்தேன். எவ்வளவு கழுவியும் நகக்கண்ணில் கரி போகாத கையோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, இத்தனை நாள் வீணாயிற்றே என்ற எரிச்சலா, எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். ஒரு கட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா போட்டே?"

"புளியங்கொட்டை."

"ம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் ஒரு பை நிறைய கட்டிகளை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார்.

எனக்கு நேர்ந்ததை இங்கேதான் சொல்ல வேண்டும். கட்டியைப் பார்த்த முதலாளி குதித்துவிட்டார். பட்டாளச் சமையல் கூடங்கள், ஓட்டல்கள், பஸ்காரர்கள் என்று கரி கேட்காதவர் யார்? மில்லிலேயே கரி போட ஒரு கொட்டகை எழும்பிற்று. என் வீட்டுக்காரர் அதற்கு மேஸ்திரி ஆனார். கோயில் வாசலில் ஆட்கள் அவரைப் பிடித்து நிறுத்தி, "இன்னா மூளைப்பா உனக்கு!" என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்திலேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த வாரமே மில்லிலிருந்து கழிவு வெளியே போகக்கூடாது என்று உத்தரவாயிற்று. யாருக்கும் வேண்டாமல் கிடந்த தூளுக்குக் காவல் போட்டார்கள். என் பீப்பாய் காலியாயிற்று.

"ஒரு மூட்டை கேளுங்களேன்" என்றேன்.

"எப்படிக் கேக்கறது? நானே அங்க மேஸ்திரி. நானே எடுத்துனு வந்தா மத்தவங்க இன்னா சொல்வாங்க? அங்கடியில நம்ம கரிதான் விக்குது, வாங்கிக்கோ."

வாங்கினேன். பெட்டியில் போட்டேன். ஓரம் சிவந்து அணைந்தது. உடைத்துப் பார்த்தேன். உள்ளே செம்மண் கோடு.

அன்றைக்கு அடுப்பில் உலை வைக்காமல் அந்த உடைந்த கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக மில்லுக்கு நடந்தேன். மரம் அறுக்கும் வாளின் சத்தத்தில் யாருக்கும் நான் வந்தது தெரியவில்லை. முதலாளி கொட்டகை நிழலில் நின்றிருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

"ஐயா, இதுல மண்ணு கலந்திருக்குது" என்று நீட்டினேன்.

முதலாளி அதை வாங்கக்கூட இல்லை. "கொஞ்சம் கலந்தாத்தானேம்மா கெட்டியா நிக்கும். எடையும் நிக்கும்."

"நிக்கும் ஐயா. எரியாது."

"வாங்கறவங்க யாரும் இதுவரைக்கும் வந்து சொல்லலியே."

"நான் வந்து சொல்றேனே. நானும் வாங்கினவதான்."

அவர் சிரித்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "உன் சம்சாரமா? கூட்டினு போய் வீட்டுல வுடுப்பா" என்றார்.

பசை யாருடையது என்று இவர் சொல்லியிருக்கலாம், மண் போட்டால் எரியாது என்பது தனக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அவருடைய களிமண் கட்டிகளை ஊதி ஊதித்தானே எனக்குத் தொண்டை வறண்டது! அவர் தலையைக் குனிந்து, "வா போலாம்" என்றார். வழி முழுக்க நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால். அன்று முதல் சோறு போடுவேன், துணி எடுத்து வைப்பேன், பேச மாட்டேன்.

ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அது முடிந்ததும் வரிசையாக வரும். தபால் ஆபீஸில் உத்தியோகம் பார்த்த ஒருவருடைய மகளின் கல்யாணக் கவுன் என்னிடம் வந்திருந்தது. துணிக்கே பஞ்சமான காலத்தில் எங்கெங்கோ சொல்லிவைத்து வாங்கிய துணி. இடுப்பிலிருந்து கால்வரை சின்னச் சின்ன மடிப்பு. கரி இல்லாமல் என்ன செய்வேன்?

கண்டோன்மென்ட் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் சவப்பெட்டி செய்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் கடை வாசலில் இழைத்த சுருளும் மாமரத் துண்டுகளும் குவிந்து கிடப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். போய்க் கேட்டேன்.

"தாராளமா எடுத்துனு போம்மா" என்றார். "ஆனா ஊர்ல சொல்லிக்காதே. என் கடையைத் தாண்டும்போதே ஜனங்க மூஞ்சைத் திருப்பிக்கறாங்க."

நல்ல காய்ந்த மரம். மில் கழிவில் பச்சைப் பட்டை கலந்திருக்கும். இதில் அது இல்லை. பீப்பாயிலிருந்து வந்த கரி அதுவரை நான் பார்த்ததிலேயே சுத்தமாக இருந்தது. கவுனை அதில்தான் தேய்த்தேன். ஒவ்வொரு மடிப்பும் கத்தி மாதிரி நின்றது.

பெண்ணின் அம்மா கவுனை வாங்க வந்தார். வழக்கமாக வாசலிலேயே, "டெய்லரம்மா!" என்று கூப்பிடுகிறவர் அன்று பேசாமல் உள்ளே வந்து நின்றார். கவுனை விரித்துக் காட்டினேன். தொடவில்லை.

"பொட்டிக்காரர் கடையிலேர்ந்து நீ மூட்டை தூக்கினு வந்ததை எங்க பாடகர் குழு அம்மா பாத்தாங்களாம். எதுக்கு?"

"கரி போடறதுக்கு."

"அந்தக் கரியிலயா இதைத் தேச்சே?"

"ஆமா."

"ஐயோ மாதாவே! கல்யாணப் பொண்ணு மேல பொணப்பொட்டிக் கரியா?"

"கரி துணியில படலம்மா. சூடுதான் பட்டுது. பொட்டிக்குள்ள யாரும் படுக்கல, அது வெட்டிப் போட்ட துண்டு. மாமரம்."

"மரம் எதுவா இருந்தா இன்னா? நினைச்சாலே உடம்பு கூசுது எனக்கு."

எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து உள்ளே நுழைந்தார். வாசலிலேயே எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கையில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றபடி, அத்தனை நாள் பேசாத மனிதர் பேசினார்:

"அம்மா, இந்தக் கரி முழுக்க இவ யோசனை. பசை இவளோடது. டின்னுல தூளைப் போட்டு வேகவெச்சதும் இவதான். மில்லுல நாங்க போடறது எரியாத மண்ணு. ஊர்ல நல்ல கரின்னு ஒண்ணு இருந்தா அது இதுதான்."

பெண்ணின் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இதை இன்னாத்துக்கு என்கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு, கவுனை முந்தானையால் பிடித்து மூட்டையாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மணிக்கணக்கில் வைத்த மடிப்புகள் அந்தச் சுருட்டலில் போயின.

நான் இவரிடம் திரும்பினேன். "இதை மில்லுல சொல்லியிருக்கலாம். கோயில் வாசல்ல சொல்லியிருக்கலாம். போயும் போயும் இவங்க கிட்டயா?"

"இப்பவாவது சொன்னேனே" என்றார் பரிதாபமாக.

அன்று அவருக்குச் சோறு போடும்போது, "குழம்பு ஊத்தட்டா?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

கல்யாணத்தன்று நானும் கோயிலுக்குப் போயிருந்தேன். கவுனை வேறு யாரோ தேய்த்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே மடிப்புகள் ஒன்றோடொன்று ஏறி, இடது பக்கம் பழுப்பாக ஒரு சூட்டுத் தழும்பு. பூங்கொத்தால் அந்தப் பெண் அதை மறைத்து மறைத்து நடந்தாள். பூசை முழுவதும் என் கண் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மில் கரியைப் பட்டாளத்தார் ஒருநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலாளி பழியை மேஸ்திரி மேல் போட்டார். இவர் கொட்டகையிலிருந்து மறுபடி வாள் பக்கம் வந்தார். "நான் சொல்லல?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே என்னோடு வந்து பெட்டிக்காரர் கடையிலிருந்து மூட்டை தூக்கினார். உரலும் அவரே இடித்தார். பசைப் பதம் மட்டும் என்னைக் கேட்டுத்தான் ஊற்றுவார்.

என் வேலை குறைந்தது. விஷயம் பரவி, சில வீட்டார் கவுனை வேறிடத்தில் கொடுத்தார்கள். கேட்டவர்களிடம் நான் மறைக்கவில்லை; மறைக்காததால் இன்னும் நாலு பேர் போனார்கள்.

அடுத்த வருஷம் மழைக்காலம். விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒருநாள் அந்தப் பெண்ணின் அம்மா குடையோடு வாசலில் நின்றார். கையில் ஒரு கூடை. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைத் துணி ஒன்றும் காயவில்லை. தணல் மேல் கூடை கவிழ்த்துத்தான் உலர்த்த வேண்டும். அங்கடிக் கரி புகைந்து குழந்தை இருமுகிறது.

"டெய்லரம்மா... உங்கிட்ட அந்தக் கரி கொஞ்சம் இருக்குமா?"

"எந்தக் கரி?"

"அதான்... நீ போடற கரி."

"அது இன்னா மரம்னு தெரியுமில்ல?"

"பச்சப்புள்ள வீட்டு விஷயம்மா. அதெல்லாம் இப்போ எதுக்குப் பேசறே?" என்று அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கூடையை நீட்டினார்.

சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அந்தக் கவுனின் மடிப்பிலிருந்து ஆரம்பித்திருப்பேன். உள்ளே போய்க் கூடையை நிரப்பி, மேலே நனையாமல் ஒரு சாக்கைப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மழையில் வேகமாக நடந்தார்.